'லர்ச்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நெய்தல்வாசி:
வணக்கம் நண்பர்களே. கடலில் நடக்கும் ஒரு ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் 'லர்ச்' மூன்று இடத்தில் வருகிறது. முதலில் படகு லர்ச் ஆகிறது, அடுத்த பத்தியிலேயே அந்தப் பெண்ணின் வயிறு லர்ச் ஆகிறது, கடைசியில் அவள் அண்ணன் அவளை 'இன் த லர்ச்' விட்டுவிட்டுப் போய்விடுகிறான். என்னிடம் உள்ள அகராதி 'தள்ளாட்டம்' என்கிறது. படகுக்கே அது சரியாக உட்காரவில்லை, வயிறு எப்படித் தள்ளாடும்? மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டா?

பழைய மாலுமி:
பொதுச் சொல்லைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். படகு லர்ச் ஆவது கப்பல்காரர்களின் பேச்சிலிருந்து வந்த பொருள், 18ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருக்கிறது. காற்று அடிக்கும் பக்கத்தில் ஒரு பெரிய அலை வந்து மோதும், அந்தப் பக்கம் மேலே தூக்கும், கப்பல் எதிர்ப்பக்கமாகச் சட்டென்று சரியும், அதுதான் லர்ச். ஒரே சீராக இப்படியும் அப்படியும் ஆடுவதற்கு இந்தச் சொல் வராது, அதற்கு 'ரோல்' என்போம், அது உடம்புக்குப் பழகிவிடும். லர்ச் சொல்லாமல் வருவது, மேசையில் இருக்கும் தட்டு டம்ளர் எல்லாம் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும், நின்றவன் கையில் அகப்பட்டதைப் பிடிப்பான். அதனால் 'படகு திடீரென ஒரு பக்கம் சாய்ந்தது' என்று எழுதுங்கள், போதும்.

இலக்கண டீச்சர்:
மாலுமி சார் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். தரையிலும் இதே கதைதான். கார் ஓட்டப் பழகுகிறவர் கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி முன்னால் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுமே, அது லர்ச். குடித்தவர் 'ஸ்டாகர்' ஆகி நடந்தார் என்றால் கால் பின்னத் தள்ளாடிக்கொண்டே போகிறார், அங்கே உங்கள் அகராதியின் 'தள்ளாட்டம்' பொருந்தும். அவரே சட்டென்று ஒரு பக்கம் சரிந்து மேசையில் போய் மோதினால் லர்ச். இரண்டிலும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை, ஆனால் லர்ச்சில் அந்த 'சட்டென்று' இல்லாவிட்டால் பொருளே போய்விடும். எந்தப் பக்கம் என்பதையும் பெரும்பாலும் கூடவே சொல்வார்கள், முன்னால், பக்கவாட்டில், யாரையோ நோக்கி என்று. இன்னொன்று, வண்டி தானாக லர்ச் ஆகும், 'டிரைவர் வண்டியை லர்ச் செய்தார்' என்று இன்றைய ஆங்கிலத்தில் எழுதுவதில்லை, மாணவர்கள் அடிக்கடி இப்படி எழுதுகிறார்கள்.

வயிற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், 'வயிற்றில் பகீரென்றது' என்று நம்மிடமே இருக்கிறது. நெஞ்சு என்றால் 'திக்கென்றது'.

செய்திகளில் அரசாங்கம் ஒரு நெருக்கடியிலிருந்து இன்னொன்றுக்கு லர்ச் ஆகிறது என்று வரும், ஒரு கட்சி வலதுபக்கம் லர்ச் ஆனது என்றும் வரும். அந்தச் சொல்லைப் போட்டாலே எழுதியவருக்கு அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதை வெறுமனே 'நகர்ந்தது' என்று மொழிபெயர்த்தால் அந்தக் குத்தல் காணாமல் போய்விடும், 'தடாலென்று சாய்ந்தது' என்றால் கொஞ்சமாவது நிற்கும்.

சொல்வேட்டை:
மூன்றாவதற்கு நான் வருகிறேன். 'இன் த லர்ச்'சில் இருக்கும் லர்ச் வேறு சொல், கப்பலுக்கும் அதற்கும் உறவு கிடையாது. பிரெஞ்சுக்காரர்களிடம் 'லூர்ஷ்' என்று ஒரு பழைய பலகை விளையாட்டு இருந்தது, பகடை உருட்டி ஆடும் பேக்கமன் வகை. எதிராளி எட்டாத தூரத்துக்குப் போய்விட, பரிதாபமாகப் பின்தங்கி நிற்பவன் 'லர்ச்'சில் இருக்கிறான். ஆபத்தில் ஒருவரை அப்படியே விட்டுப் போவதற்கு அங்கிருந்துதான் இந்தத் தொடர் வந்தது. தமிழில் 'நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனான்' கச்சிதமாகப் பொருந்தும். பேச்சுநடை வேண்டுமென்றால் 'அம்போவென்று விட்டுவிட்டான்'.

அப்புறம், கதையில் 'லர்ச்சர்' என்று ஏதாவது வந்தால் தள்ளாடுகிறவர் என்று எழுதிவிடாதீர்கள், அது நாய். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாயோடு கோலி, டெரியர் மாதிரி வேறு வகையைச் சேர்த்த கலப்பு. பிரிட்டனில் திருட்டு வேட்டைக்காரர்கள் முயல் பிடிக்க வைத்திருந்தது. பதுங்கித் திரிவது என்ற இன்னொரு பழைய லர்ச்சிலிருந்து அந்தப் பெயர்.

நெய்தல்வாசி:
மூவருக்கும் நன்றி. படகையும் வயிற்றையும் நீங்கள் சொன்னபடியே மாற்றிவிட்டேன். நட்டாறு மட்டும் இடிக்கிறது, அவன் அவளை விட்டுப்போவது நடுக்கடலில், அங்கே ஆறு வந்தால் படிக்கிறவர் ஒரு நொடி நின்றுவிடுவார். அதனால் 'அம்போ'வையே வைத்துக்கொள்கிறேன்.