ஒளியால் புடவை வரைந்தால் கம்பிக்கூண்டு மாதிரி வருகிறது, எங்கே தவறுகிறேன்?

தறிவீட்டுப் பையன் (திருபுவனம்):

வணக்கம். அப்பா பட்டுத் தறியில் இருக்கிறார். எனக்குத் தறி கைவரவில்லை, கேமராதான் கைவந்தது. இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்து டார்ச்சால் வரையும் படங்களை ஆறு மாதமாக எடுத்துப் பழகுகிறேன். படத்தில் மட்டும் இருக்கிற ஒரு புடவையை, கரை, முந்தி, கொசுவம் எல்லாம் வெறும் வெளிச்சமாக, என் அத்தை மகள் மேல் கட்டிக் காட்ட வேண்டும் என்று ஆசை.

வயலில் இப்போது உளுந்து நிற்பதால் நெல் அடிக்கும் சிமெண்டுக் களத்தில் எடுத்தோம். முக்காலி, பல்ப் மோடு (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), லென்ஸ் துவாரம் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 40 விநாடி. கடைசியில் அவள் முழுசாகத் தெரியட்டும் என்று ஒரு ஃபிளாஷ் அடித்தேன். வந்தது புடவை இல்லை. சுடிதார் போட்ட ஒரு பெண், அவளைச் சுற்றி ஒளிக்கம்பிகள். அப்பாவிடம் காட்டினேன். "என்னடா, கோழிக்கூண்டுக்குள்ள பிள்ளையை நிறுத்தியிருக்கே?" என்றார்.

இன்னொரு தொல்லை. டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து வேகமாக இழுத்தால் கோடு புள்ளி புள்ளியாக அறுந்து போகிறது. டார்ச் கெட்டுவிட்டதா?

கொள்ளிடக்கரை:

டார்ச் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. பல எல்இடி டார்ச்சுகளில் வெளிச்சத்தைக் குறைத்தால் விளக்கு உண்மையில் மங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். கை நகரும்போது அந்த இடைவெளிகள் புள்ளிகளாக விழுகின்றன. முழு வெளிச்சத்தில் வைத்து, முகப்பில் வெள்ளைத் துணி கட்டி மங்கலாக்குங்கள். அந்தப் புள்ளிகளை விட்டுவிடவும் வேண்டாம், சரிகைப் புட்டாவுக்கு அதைவிட என்ன வேண்டும்!

கூண்டுக்குக் காரணம் உங்கள் ஃபிளாஷ். வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் கூடும், எதையும் மறைக்காது. சுடிதார் மேல் ஒரு முறை ஃபிளாஷ் பட்டுவிட்டால், அதன் மேல் எத்தனை கோடு இழுத்தாலும் அது உள்ளே தெரியத்தான் செய்யும். புடவை வர வேண்டிய இடம் படம் முடிகிறவரை இருட்டாகவே இருக்க வேண்டும். கறுப்பு உடை போடச் சொல்லுங்கள். ஃபிளாஷுக்குக் கறுப்பு அட்டையில் குழாய் செய்து மாட்டி முகம், கழுத்து, கைகளில் மட்டும் அடியுங்கள், அதுவும் ஆரம்பத்திலேயே. 30 விநாடி நின்ற பிறகு யாருக்கும் தலை லேசாக ஆடும்.

1949-ல் ஜோன் மிலி எடுத்த பிக்காசோ படங்களைத் தேடிப் பாருங்கள். ஆள் ஃபிளாஷில் உறைந்திருப்பார், அவர் விளக்கால் வரைந்த கோடு அந்தரத்தில் நிற்கும். கோடு மட்டும் போதுமென்றால் அந்த வழி சரி. உங்களுக்குத் துணி வேண்டுமே.

மாயவரத்து அக்கா:

துணிக்கு நான் சொல்கிறேன். நான் தையற்காரி, படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒற்றை டார்ச் நூல் மாதிரி. நூலை வைத்துக்கொண்டு புடவை என்றால் எப்படி? மூன்றடி மூங்கில் குச்சியில் எல்இடி பட்டையை ஒட்டி, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றுங்கள். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஒளி தகடாக விழும். வேகமாகப் போன இடம் மங்கும், நின்று போன இடம் பளிச்சிடும். கொசுவம் அதில்தான் பிறக்கிறது: மடிப்பின் விளிம்பில் அரை நொடி நிறுத்தி, அடுத்த மடிப்புக்குச் சட்டென்று தாவுங்கள்.

முந்தானைக்குத் திருவிழாக் கடையில் விற்கும் முடிக்கற்றை விளக்கு, முடி மாதிரி இழைகளின் நுனி ஒளிருமே, அது போதும். தோளில் வைத்துக் கீழே இழுங்கள். மேலிருந்து கீழேதான். கீழிருந்து மேலே போனால் கை தயங்குகிற இடமெல்லாம் தப்பாக வந்து துணி மிதக்கிற மாதிரி இருக்கும். பட்டுக்கு எடை உண்டு, உங்கள் வீட்டில் அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதுகுப் பக்கம் வருகிற துணியை அவள் பின்னால் நின்று வரையுங்கள், உடம்பே மறைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் முன்னாலிருந்தே வரைந்ததும் உங்கள் கூண்டுக்கு ஒரு காரணம். நிறம் மாற்றும்போது லென்ஸைக் கறுப்பு அட்டையால் மூடிக்கொள்ளுங்கள், ஷட்டர் திறந்தே இருக்கட்டும்.

தறிவீட்டுப் பையன்:

நேற்று இரவு மறுபடி போனோம். துவாரத்தை எஃப் 11-க்குச் சிறிதாக்கினேன், 70 விநாடி ஆனது. கோட்டின் பிரகாசத்துக்கு அந்த 70-க்கும் சம்பந்தமில்லை, துவாரமும் கைவேகமும்தான் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதுவரை நேரத்தைக் கூட்டிக் குறைத்து முட்டாள்தனம் செய்துகொண்டிருந்தேன். நேரம் கூடினால் கூடுவது தெருவிளக்கின் சிவப்பு மட்டும்.

முதல் பதினோரு படம் வீண். ஒன்றில் வெளிச்சம் பட்டு என் மூக்கே படத்தில் பதிந்திருந்தது. அப்புறம் லென்ஸில் பனி. அத்தை மகள் கொசுக்கடியில் அசையாமல் நின்றதற்கு அவளுக்குக் கும்பகோணம் காபி கடன். குதிகாலுக்குப் பின்னால் ஒரு செங்கல் வைத்து ஒட்டி நிற்கச் சொன்னதும் ஆட்டம் குறைந்தது.

பன்னிரண்டாவதில் வந்துவிட்டது. அரக்கு உடல், அதற்குச் சிவப்பு ஜெலட்டின் பேப்பர். மஞ்சள் டார்ச்சில் கரை. அதே கெட்டுப்போன புள்ளிகள் புட்டாவாக. முந்தி மட்டும் இன்னும் வால் மாதிரி இருக்கிறது.

காலையில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கோழிக்கூண்டு என்று சொல்லவில்லை. விரலால் எண்ணினார்.

"நாலு கொசுவம்தான் இருக்கு. மீதிப் புடவை எங்கடா?"

அக்கா, மூன்றடிக் குச்சியில் ஏழு கொசுவம் வைக்க இடுப்பில் இடம் போதவில்லை. குச்சியைச் சிறிதாக்கவா, அல்லது கையை இன்னும் வேகமாக்கவா?