ஹோட்டன் சமவெளிப் புற்றரையில் மலைச் சைக்கிள் ஓட விடலாமா?

அக்கரப்பத்தனைப் பயணி

பட்டிப்பொல ரயில் நிலையத்தில் சைக்கிளை இறக்கி, வீதியால் ஹோட்டன் சமவெளிக்கு ஏறி, புற்றரையைக் குறுக்கே கடந்து, டயகம மேற்குத் தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லைக்கு இறங்கும் பழைய காட்டுப் பாதையால் அக்கரப்பத்தனைக்கு வந்து சேரும் சவாரிக்கு, கட்டணமும் வழிகாட்டியும் கட்டாயம் என்ற நிபந்தனையுடன் அனுமதி வழங்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டிப்பொல 1,897 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் அதைவிட உயரமான ரயில் நிலையம் வேறில்லை. அங்கிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் ஏறியதும், பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் திடீரென்று மூடும் பனியும் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடக்க வேண்டிய ஓடைகளும் எந்தத் தேர்ந்த சவாரிக்காரரையும் சோதிக்கும். இப்போது வருகிற பயணிகள் விடியுமுன் நுவரெலியாவிலிருந்து வேனில் வந்து, உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்து, ஒன்பது கிலோமீற்றர் சுற்றை நடந்து முடித்து, பகல் சாப்பாட்டுக்கு நுவரெலியாவுக்கே போய்விடுகிறார்கள். மலைக்கு மறுபுறம் இருக்கிற எங்கள் தோட்டங்களில் ஒரு பிளேன்டீ விற்ற காசுகூட அவர்களால் வருவதில்லை.

புற்றரைக் காவல்

தம்பி, வருமானம் பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த மண்ணை நீங்கள் சைக்கிள் இருக்கையிலிருந்து பார்க்கிறீர்கள். சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். பெப்ரவரி விடியலில் உறைபனி படிந்த புல்லை மிதித்தால் அது நொறுங்குகிறது. வெயில் ஏறியதும் அதே இடம், அழுத்தினால் நீர் கசியும் கறுப்புக் களியாக மாறிவிடுகிறது. சரிவில் ஒரு டயர் பதித்துப்போன கோடு முதலில் விரல் ஆழம்தான் இருக்கும். மழை அந்தக் கோட்டையே தன் வழியாக எடுத்துக்கொள்ளும். அடுத்து வருபவர் சேறாகிய கோட்டைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்லில் ஏறுவார். சில பருவங்களில் ஒரு பாதை நான்காகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வாய்க்காலாகும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தருகிற நிலத்தில் இது சிறிய சேதமல்ல. 1988இல் தேசியப் பூங்காவாகவும், 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் அது அறிவிக்கப்பட்டது அழகுக்காக மட்டுமல்ல.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்செடி அங்கே பரவிக்கொண்டிருக்கிறது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். டயரின் பற்களுக்கிடையே ஒட்டிய ஒரு பிடி சேறு, அந்த விதையை இதுவரை அது எட்டாத மூலைக்குக் கொண்டுபோகப் போதும்.

அக்கரப்பத்தனைப் பயணி

அப்படியானால் விடுமுறை நாட்களில் வரிசையாக வந்து புகை கக்கும் வேன்களின் டயர்களில் சேறு ஒட்டுவதில்லையா, அக்கா? 1960களில் அந்தச் சமவெளியின் ஒரு பகுதியை உழுது விதை உருளைக்கிழங்கு போட்டபோது யாரும் மண்ணைக் குனிந்து பார்க்கவில்லை. நடப்பவரின் சப்பாத்தும்தான் மண்ணைக் கிளறுகிறது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு, ஓசையில்லாத, எரிபொருள் வேண்டாத வாகனத்துக்கு மட்டும் பூட்டுப் போடுவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

கிளாஸ்கோவிலிருந்து ஒரு ஹட்டன்காரன்

நான் ஸ்கொட்லாந்தில் வசிக்கிறேன். இங்குள்ள ரானக் மூர் என்ற பாழ்மேட்டில் சைக்கிளில் போயிருக்கிறேன். அதன் ஓரத்திலுள்ள கொரூர் ரயில் நிலையத்துக்குப் பொது வீதியே கிடையாது. உயரம் 408 மீற்றர் மட்டுமே என்றாலும், சைக்கிளோடு அங்கு இறங்குபவருக்கு அதற்கப்பால் பீட் எனப்படும் நீர் ஊறிய கறுப்பு மண்ணும் காற்றும் தவிர எதுவும் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்பாக நடந்துகொள்கிற யாருக்கும், சைக்கிளில் வருபவர் உட்பட, அத்தகைய நிலத்துக்குள் போகும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதனால் மேட்டுநிலம் அழிந்துவிடவில்லை. அனுபவசாலிகள் திறந்த புல்லில் ஓட்டுவதுமில்லை. மான் வேட்டைக்காகப் பிரபுக்கள் வெட்டுவித்த பழைய பாதைகளிலும், கல் பதித்து நீர் வடிய வழி செய்த தடங்களிலும்தான் போகிறார்கள். தடையைவிடப் பாதை அமைப்பதே நிலத்தைக் காக்கும் என்பது இங்கு நான் கண்டது.

புற்றரைக் காவல்

ஸ்கொட்லாந்தின் பாழ்மேடு எத்தனை பெரியது, நம்முடையது எத்தனை சிறியது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஹோட்டன் சமவெளிப் பூங்கா முழுவதுமே ஏறக்குறைய 3,160 ஹெக்டெயர்தான். அதிலும் பெரும்பகுதி காடு. நீங்கள் ஓட்ட நினைக்கும் புற்றரை மீதிதான். அங்குள்ள காட்டோரத்துப் பாசியில், வால் நீங்கலாக விரலளவே நீளமுள்ள கொம்பு ஓணான் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மூக்கின் நுனியில் கொம்பு நீட்டிய அந்த உயிரினம் இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நடந்து வருபவருக்கு அது தெரியும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடி வருபவருக்குத் தெரியாது. ஆனால் கல் பதித்த பாதை பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை.

வேன்களைப் பற்றித் தம்பி கேட்டது சரியான கேள்வி. அவை வீதியை விட்டு இறங்குவதில்லை என்பதே என் பதில். உருளைக்கிழங்கு போட்ட நிலத்துண்டுகளைக் கைவிட்டு இத்தனை காலமாகியும் வெளியிலிருந்து வந்த புல்தான் அங்கே நிற்கிறது. ஒருமுறை செய்த பிழையை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது.

லயத்து மூத்தவன்

மண்ணைப் பற்றியும் ஓணானைப் பற்றியும் பேசுகிறீர்கள். ஆளைப் பற்றி யாரும் பேசக் காணோம். டயகமப் பக்கத்துக் காட்டில் முற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும், தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்காது, சிறுத்தை நடமாட்டமும் உண்டு. குட்டை மூங்கில் பின் கியரில் சுற்றிச் சங்கிலி அறுந்தால், சைக்கிளை உருட்டிக்கொண்டு இருட்டில்தான் வந்து சேர வேண்டும். கால் முறிந்து கிடப்பவரைத் தேட டோர்ச் லைட்டோடு காட்டுக்குள் போகப்போவது கொழும்பிலுள்ள சுற்றுலாக் கம்பனி அல்ல, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து களைத்திருக்கும் எங்கள் பிள்ளைகள்தான். அதற்குக் கூலி யார் கொடுப்பது என்று முதலில் எழுதுங்கள்.

அக்கரப்பத்தனைப் பயணி

ஐயா, அதற்காகத்தான் வழிகாட்டி கட்டாயம் என்கிறேன். வழிகாட்டிகள் அந்தத் தோட்டங்களிலேயே வளர்ந்த இளைஞர்களாக இருக்க வேண்டும். மீட்புக்கான பணத்தை ஒவ்வொரு சவாரிக்காரரிடமும் முன்கூட்டியே அறவிட வேண்டும். காட்டு வழியை அறிந்தவருக்குச் சம்பளம் கொடுப்பதற்கும், அவரை இலவசமாகத் தேடுதலுக்கு அழைப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசமே என் வாதம்.

புற்றரைக் காவல்

இப்போது பேச்சு வழிக்கு வருகிறது. பட்டிப்பொலவிலிருந்து ஏறி ஒஹிய ரயில் நிலையத்துக்கு இறங்கும் வீதியில் சைக்கிள் ஓடுவதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒஹியவுக்கான அந்தப் பதினொரு கிலோமீற்றர் இறக்கத்தில் நனைந்த வளைவுகளும் கிளறுண்ட தாரும் தருகிற சோதனை சாதாரணமானதல்ல. டயகமக் காட்டுப் பாதையைத் திறப்பதானால், ஜனவரியிலிருந்து மார்ச் வரையான உலர் மாதங்களில் மட்டும், நுழைவாயிலில் டயர் கழுவிய பிறகு, ஏற்கெனவே கல் உள்ள இடங்களில் மட்டுமே ஓட்டலாம். புற்றரையில் பெடலை மிதிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். பொலித்தீனை வாயிலில் வாங்கி வைக்கிற ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. டயருக்கும் ஒரு தொட்டித் தண்ணீர் வைக்க முடியாதா?

அக்கரப்பத்தனைப் பயணி

தொட்டியையும் உலர் மாதங்களையும் ஏற்கிறேன். புற்றரையில் தள்ளிக்கொண்டு நடப்பதை ஏற்கவில்லை. அதை நடைப்பயணம் என்றே சொல்ல வேண்டும். அதற்கு யாரும் சைக்கிளோடு அவ்வளவு தூரம் ஏறி வரமாட்டார்கள். கிளாஸ்கோ நண்பர் சொன்னதுபோல, புல்லின் மேல் ஒரே ஒரு தடத்துக்குக் கல் பதிக்க வனசீவராசிகள் திணைக்களம் சம்மதித்தால் மட்டுமே இந்த யோசனை உயிர் பிழைக்கும்.

லயத்து மூத்தவன்

கல் பதிக்கிற வேலைக்கும் எங்கள் தோட்டத்து ஆட்களையே எடுங்கள். எந்த ஓடை எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.