நல்லூர் மணி விடியப்புறம் மட்டும் ஏன் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது?

இருபாலைப் பிள்ளை:
வணக்கம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். எங்கள் வீடு இருபாலையில், தோட்டக் காணிகளின் ஓரம். விடியப்புறம் நல்லூர்க் கோயில் மணி முற்றத்தில் தெளிவாகக் கேட்கும். அடித்து ஓய்ந்த பிறகு நீளும் ரீங்காரம்கூடக் கேட்கும். மத்தியானப் பூசை மணி கேட்பதே இல்லை. பகலில் வாகன இரைச்சல் என்கிறார் அப்பா. ஆனால் ஹர்த்தால் அன்று வீதி வெறிச்சோடிக் கிடந்தது, அப்போதும் மத்தியான மணி கேட்கவில்லை. அலைகள் பாடத்தில் இதற்கு விடை இருக்கிறதா?

கோண்டாவிலான்:
காற்றுத்தான் தங்கச்சி. உங்களுக்கு நல்லூர் தென்மேற்கே இருக்கிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் ஆடி, ஆவணியில் கவனித்துப் பாருங்கள், இன்னும் நன்றாகக் கேட்கும்.

பௌதிக ரீச்சர்:
கோண்டாவில் தம்பி சொன்னது சரி, அதற்குப் பிறகு வருகிறேன். அப்பா சொல்லும் இரைச்சலும் ஓரளவுக்கு உண்மை. ஆனால் ஹர்த்தால் நாளைக் கவனித்தாயே பிள்ளை, அங்கேதான் விடை இருக்கிறது.

காற்றில் ஒலியின் வேகம் 0 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 331 மீற்றர். ஒரு பாகை ஏற ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். 30 பாகையில் 349. மத்தியானம் உங்கள் செம்மண் தரை கொதிக்கும். தரையோடு ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். அதனால் அலைமுகத்தின், அதாவது சுவர்போல முன்னேறும் அலையின் முன்பக்கத்தின், அடிப்பகுதி முந்தும், மேற்பகுதி பிந்தும், முழு அலைமுகமும் மேல்நோக்கிச் சரியும். மணியோசை உங்கள் கூரைக்கு மேலால் போய்விடுகிறது.

முகிலில்லாத இரவில் நிலைமை தலைகீழ். தரை குளிர்ந்து அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, மேலே சூடு மிஞ்சியிருக்கிறது. இப்போது முந்துவது மேற்பகுதி. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒலியும் வளைந்து முற்றத்தில் இறங்கும். தை, மாசிப் பனிக்கால விடியலில் இது நன்றாகத் தெரியும்.

முறிவு, அதாவது வேகம் மாறும்போது அலை வளைவது, படிப்பிக்கும்போது அதன் கணக்கான ஸ்நெல்லின் விதிக்கு முதலே நான் ஒரு வசனம் எழுதுவிப்பேன்: அலை, தன் வேகம் குறைந்த பக்கத்துக்கே வளையும். அதே மத்தியானத்தில் கோப்பாய் – கைதடி வீதியில் போய்ப் பார். தூரத்தில் தார் மேல் தண்ணீர் கிடப்பது போலத் தெரியும். காற்றின் முறிவுச் சுட்டி, அதாவது வெற்றிடத்தில் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதைப் போல எத்தனை மடங்கு என்பது, ஏறத்தாழ 1.0003தான், சூடான காற்றில் அது இன்னும் சற்றுக் குறையும், ஒளி ஒரு துளி விரைவாகப் போகும். அந்தத் துளி வித்தியாசமே போதும். தாழ்வாக வரும் வானத்து ஒளி தாரைத் தொடாமல் மேல்நோக்கி வளைந்து கண்ணுக்கு வருகிறது. ஒளி குறுக்கலை, ஒலி நெட்டாங்கலை. ஒன்றுக்கு ஊடகமே தேவையில்லை, மற்றதற்கு ஊடகம் இல்லாவிட்டால் வழியில்லை. இருந்தும் அந்தச் சூட்டில் இரண்டும் ஒரே பக்கம் வளைகின்றன. எத்தனை வருடம் படிப்பித்தாலும் இந்த இடம் வரும்போது எனக்குச் சந்தோசம்தான்.

காரைநகர் கசூரினா கடற்கரையிலும் இந்த வளைவைப் பார்க்கலாம். ஆழம் குறைந்த கடலில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 4 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 6.3 மீற்றர், 1 மீற்றரில் 3.1. சாய்வாக வரும் அலையின் ஆழப்பக்கம் முந்துவதால், கிட்ட வர வர அது கரைக்குச் சமாந்தரமாகத் திரும்பிவிடும்.

இனிக் காற்று. தரையருகே மரமும் மதிலும் தடுப்பதால் காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும். காற்றோடு வரும் ஒலி கீழே வளையும், எதிர்த்து வருவது மேலே வளையும். அதனால் வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது உனக்கு மணி மங்கும்.

இருபாலைப் பிள்ளை:
மிக்க நன்றி ரீச்சர். வேகம் மாறினால் மணியின் சுருதியும் மாறாதா?

பௌதிக ரீச்சர்:
மாறாது. சுருதி என்பது மீடிறன், செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது. அதை மணி தீர்மானிக்கிறது, வழியில் உள்ள காற்று அல்ல. மாறுவது அலைநீளம். 300 ஹேர்ட்ஸ் ஒலிக்கு 349இல் 1.16 மீற்றர், 345இல் 1.15. பல்தேர்வில் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம், குறித்து வை.

வேகத்தை நீயே அளக்கலாம். கோயிலடியில் நிற்கும் சிநேகிதிக்கு விடியப்புறம் ஒரு கோல் எடு. போனில் மணி கேட்டதும் ஸ்டொப்வொச்சை அமத்து, முற்றத்தில் கேட்டதும் நிறுத்து. தூரம் 3 கிலோமீற்றர் என்றால் 9 செக்கனுக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். சரியான தூரத்தை வரைபடத்தில் அளந்து கணக்கை இங்கே போடு, பார்க்கிறேன்.