சேற்றில் இறங்க முதல்: திருகோணமலைக் கரையில் தொண்டு வேலை

கிண்ணியாக்காரன்:

கண்டல் (கடலோரச் சேற்றில் வளரும் மரம்) நட வாற ஆக்கள் முதல் கேட்கிறது "எத்தனை கன்று?" என்றுதான். கேட்கவேண்டியது "எந்த மட்டத்தில?" என்று. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டல்களைத் தேடிப்போய்ப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வந்தது. பார்த்த 23 இடத்தில் 9 இடத்தில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டு, தேறினது 200, 220 ஹெக்டேயர்தான்.

எங்கட கரையில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. பௌர்ணமிப் பறுவத்தில்கூட முக்கால் மீற்றர் ஏறி இறங்காது. கண்டல் நிற்பது அதில் மேல்பாதியில். ஒன்றரைச் சாண் உயரத்துக்குள் எல்லாம் தீர்மானமாகிவிடும். கண்ணால் பார்த்துப் பிடிக்க ஏலாது. மேசன்மார் மட்டம் பிடிக்கிற தெளிந்த குழாய் 20 மீற்றர் வாங்கி நிறையத் தண்ணீர் விடுங்க. பக்கத்தில் கண்டல் தானாக முளைத்து நிற்கும் இடத்தைத் தேடி, அதில் ஆகக் கீழே நிற்கும் இளங்கன்றடியில் ஒரு தடி, நடப்போகும் இடத்தில் ஒரு தடி. இரண்டிலும் குழாய்த் தண்ணீர் நிற்கும் உயரத்துக்குக் கோடு போட்டு, கோட்டிலிருந்து சேறு வரை அளங்க. நடப்போகும் பக்கம் அளவு 10 சென்ரிமீற்றர் கூட வந்தால் அது பள்ளம், அங்கே நட்டது தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். தொடங்க முதல் இரண்டு முனையையும் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்க.

நீளக் காய் தொங்கும் கண்டல்: காயின் தொப்பிக்குக் கீழே மஞ்சள் வளையம் வந்தால் முற்றினது. தொப்பியைப் பிடித்து இழுக்கவேண்டாம், உள்ளே குருத்து முறியும். துளை விழுந்ததை எறியுங்க, வண்டு உள்ளே இருக்கு. ஈரச் சாக்கில் நிழலில் ஒரு கிழமை தாங்கும். காயில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும், இடைவெளி ஒரு மீற்றர். வெண்கண்டல் விதை வேறு மாதிரி. ஒரு நாள் இரண்டு நாள் ஊறவைத்தால் தோல் தானாகக் கழரும், பிறகு நாற்றுப் பையில் நிரப்பின சேற்றின் மேல் வைத்து விரலால் மெல்ல அழுத்தவேணும். புதைத்தால் அழுகும். வெயிலும் உப்பும் ஏறும் மேட்டுப் பக்கத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் நீளக் காயைக் குத்திவிட்டுப் போவது சுகம் என்பதால் எல்லோரும் அதையே நடுகிறார்கள்.

நடும் காலம் தை கடைசியிலிருந்து மாசி. அதற்கு முதல் நட்டால் வாடை மழை வெள்ளம் அள்ளிப்போகும். பிந்தினால் கச்சான் காற்று தொடங்க முதல் வேர் பிடிக்காது. 5 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரம் உள்ள பையில் வளர்த்ததை நட்டால், பையைக் கிழித்துக் கரைக்கு எடுத்து வாங்க. 500 கன்று போனால் 500 பை எண்ணித் திரும்பவேணும்.

நட்டபிறகு முதல் மாதம் கிழமைக்கு ஒருக்கால், அதன்பிறகு மாதம் ஒருக்கால் போய், கன்றில் சுற்றின பாசியைக் கையால் கழற்றவேணும். பாசி நனைந்து பாரமாகிக் கன்றைச் சேற்றில் சாய்த்துவிடும். மாடு வரும் இடமென்றால் வேலி கட்டாமல் நடவேண்டாம். வேலிக்குக் கண்டல் கம்பு வெட்டினவர்களும் இருக்கிறார்கள், அதுக்கு என்ன சொல்ல!

காலுக்குக் கம்பூட்ஸ் வேண்டாம். சேறு பிடித்துக்கொண்டால் பூட்ஸ் அங்கே நிற்கும், கால் மட்டும் மேலே வரும். கயிறு இறுக்கிக் கட்டிய பழைய கன்வஸ் சப்பாத்து போதும். கண்டலோடு நிற்கும் தில்லை மரத்தின் கிளையை முறிக்கக்கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

பெரியகரைச்சி:

நானா, கோவிக்காதையுங்கோ, மட்டத்துக்கு முதலும் ஒரு கேள்வி இருக்கு. அந்த இடம் உண்மையில் வெறும் இடமா? வற்றின நேரம் வெறும் சேறாகத் தெரியுற இடம்தான் உள்ளான் பறவைக்குச் சாப்பாட்டு மேசை. புரட்டாசியில் வடக்கே இருந்து வந்து, சித்திரை வரை அந்தச் சேற்றுப் புழுவில்தான் அதுகள் கொழுப்பு ஏத்துதுகள். அதில் கண்டல் நட்டு, அது தப்பிவிட்டாலும் நட்டம்தான். கடற்புல் படுக்கைக்கும் இதே கதை. முந்திக் கண்டல் நின்று அழிந்த இடமென்று ஊர்ப் பெரியாக்கள் காட்டுற இடத்தில் நடுங்கோ.

அதனால் நடுகைக்கு முதல் ஒரு வருஷமாவது அந்த இடத்தில் பறவை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தையிலும் நடக்குது. அதே முறையில் எண்ணினால் பிறகு ஒப்பிடலாம். ஒரு குழுவுக்கு மூன்று பேர்: ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் பறந்து போறதையும் வாறதையும் பார்க்க. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கவேணும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

கூட்டம் பெரிதென்றால் ஒவ்வொன்றாக எண்ண வெளிக்கிடாதையுங்கோ. 50 பறவையை எண்ணி அது எவ்வளவு அகலம் பிடிக்குது என்று கண்ணில் பதித்து, அதே அகலம் எத்தனை தரம் வருது என்று பாருங்கோ. பிழை வாறது நெருக்கத்தில்: நடுவில் அடர்த்தி, ஓரத்தில் ஐதாக நிற்கும். ஓரத்தில் எடுத்த அளவை நடுவுக்குப் போட்டால் கணக்குக் குறையும். ஆகவே இரண்டு இடத்தில் அளவு எடுக்கவேணும். இனம் பிடிபடாவிட்டால் "சிறிய உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதலாம். ஊகித்து ஒரு பேர் எழுதினால் பிறகு அதைத் திருத்த ஒருவராலும் ஏலாது.

அலஸ்தோட்டம்:

கரை துப்புரவில் நடக்கிற பெரிய பிழை குப்பையை விடுகிறதில்லை, செடியைப் பிடுங்குகிறது. அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் "பற்றை" என்று வாரிக்கொண்டு போனால், அடுத்த வாடைக்கு மணல் மேடு கரையும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை, அந்தத் திரளில்தான் மணல் நிற்குது. கொடிக்குள் சிக்கின பொலித்தீனைக் கொடியை அசைக்காமல் கையால் எடுங்கோ, வாருகோல் வேண்டாம்.

காலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்கு முடியுங்கோ. கறுப்புக் குப்பைப் பையில் சிப்பியும் போத்தல் ஓடும் ஓட்டை போடும். கழுவின யூரியா உரப்பைதான் சரி, கழுவித் திரும்பவும் பாவிக்கலாம். ஊசி கண்டால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கட்டிப் பிளாஸ்டிக் போத்தலில் போடவேணும். நிறுக்க முதல் மணலை உதறுங்கோ, இல்லாவிட்டால் பாதி மணலின் நிறைதான் கணக்கில் ஏறும். றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) நிறையில் வராது, துண்டுகளை எண்ணிக்கையாக எழுதுங்கோ. பிரதேச சபை உழவு இயந்திரம் வாற நேரத்தை முதல் நாளே கதைத்துவையுங்கோ. பை இரவு கரையில் கிடந்தால் நாய் கிழித்து, விடியக் குப்பை பழையபடி பரவிக்கிடக்கும்.

ஆமைத் தடம் கண்டால் கிண்டிப் பார்க்கவேண்டாம். முட்டைக்குள் கரு ஒட்டினபிறகு உருட்டினால் செத்துப்போகும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கோ.

கிண்ணியாக்காரன்:

பெரியகரைச்சித் தங்கச்சி சொன்னது சரி. கடற்புல்லுக்கு மேல் நடுறதை நானும் ஏற்கமாட்டன். ஒன்று மட்டும்: ஊர்ப் பெரியாக்கள் காட்டுற இடம் இப்ப இறால் பண்ணைக் கட்டாகவோ, வீதிக்குள் அடைபட்டோ இருக்கும். அங்கே மண் அணையை வெட்டித் தண்ணீர் போய்வர வழிவிட்டால், பக்கத்தில் தாய்மரம் இருந்தாலே விதை தானாக வந்து முளைக்கும். கன்றே தேவைப்படாது. ஆனால் அதுக்குப் பிரதேச செயலகம், வனத் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் என்று கடிதம் போகவேணும். படம் எடுக்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் ஒருவரும் செய்யிறதில்லை.

கோட்டையடி:

கோட்டைக்குள்ளும் பட்டினத்திலும் திரியும் புள்ளிமானுக்கும் ஆள் வேணும். மான் பொலித்தீனை விரும்பித் தின்பதில்லை, அதில் ஒட்டின கறியின் உப்புக்கும் சோற்றுக்கும் தின்னுது. அசைபோடும் விலங்கு என்றபடியால் அது வயிற்றின் முதல் அறையிலேயே உருண்டு தங்கும். வயிறு நிரம்பின மாதிரி இருக்கும், மான் மெலியும். சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற் 2017இல் தடையானது, ஆனால் இன்னும் பொலித்தீன் பைகள் வருது. கோணேசர் கோயில் வழியில் குப்பை பொறுக்க நல்ல நேரம் பின்னேரப் பூசைக் கூட்டம் கலைந்த உடனே. விடிய வந்தால் மான் முந்திவிடும். வாளிக்கு மூடி மட்டும் போதாது, மான் மூக்கால் தள்ளித் திறக்கும். கொக்கி போடுங்கோ, வாளியை மரத்தோடு கட்டுங்கோ. பாண், பிஸ்கட் நீட்டுகிறவர்களையும் மறித்துக் கதைக்கவேணும், அதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

நிலாவெளியான்:

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே திணைக்களத்தின் அனுமதியும் ஆளும் இல்லாமல் ஒன்றுக்கும் இறங்க ஏலாது. முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) சிக்கின தங்கூசி (நைலோன் நரம்பு) வலை எடுக்கப் போறவர்களுக்கு ஒன்று: இழுக்காதையுங்கோ. ஒரு இழுவைக்குப் பத்துக் கிளை முறியும். மொட்டைமுனைக் கத்தரிக்கோலால் கண்ணி கண்ணியாக வெட்டி, வெட்டினதை அப்போதைக்கப்போது பைக்குள் போடவேணும், இல்லாவிட்டால் அது காலில் சுற்றும். முருகை மேலே வளர்ந்து மூடின துண்டை அப்படியே விடுங்கோ. தனியாக இறங்கவேண்டாம், ஒருவர் வெட்ட மற்றவர் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருக்கவேணும்.