லோலா பெல்ட்ரான்: நடிகையா, பாடகியா? எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

மழைக்காகம்:
வணக்கம். ஸ்பெயின் இயக்குநர் அல்மொதோவாரின் 1988 படம் ஒன்று பார்த்தேன், நரம்பு வெடிக்கும் நிலையில் இருக்கும் பெண்களைப் பற்றியது. ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது ஒரு பெண் குரல் வருகிறது, ஆளையே உலுக்கிவிட்டது. படம் ஸ்பெயினில் எடுத்தது, பாட்டு மெக்சிகோவுடையது, பாடியவர் லோலா பெல்ட்ரான். ஒரு இடத்தில் பாடகி என்கிறார்கள், இன்னொரு இடத்தில் நடிகை என்கிறார்கள். அவர் நடித்த படங்களைத் தேடிப் பார்க்கலாமா, இல்லை பாட்டு மட்டும் போதுமா? அப்புறம் இந்த ராஞ்சேரா பாட்டில் (மெக்சிகோவின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு வகையாம்) ஏன் எல்லாரும் இப்படி அழுகிறார்கள்?

பழைய_ரேடியோ:
நீங்கள் கேட்ட பாட்டு 'சோய் இன்ஃபெலிஸ்'. படங்களை விடுங்கள், முதலில் குரலைப் பிடியுங்கள்.

லோலா 1932-இல் சினலோவா மாநிலத்தின் எல் ரொசாரியோவில் பிறந்தவர். அது வெள்ளிச் சுரங்க ஊர். ஊருக்கு அடியில் தோண்டித் தோண்டி, கடைசியில் தேவாலயத்தையே கல் கல்லாகப் பிரித்து வேறு இடத்தில் கட்ட வேண்டியதாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரம் வந்து எக்ஸ்.இ.டபிள்யூ. வானொலியில் செயலாளர் வேலையில் சேர்ந்தார். அன்றைக்கு மெக்சிகோவில் யாராவது பாடகராக வேண்டுமென்றால் அந்த நிலையத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும், இவரோ உள்ளேயே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அங்கிருந்தே பாட வாய்ப்புக் கிடைத்தது, சில வருடங்களில் நாடு முழுக்க 'பெரிய லோலா' என்றே பெயர்.

'குக்குருக்குக்கூ பலோமா' கேளுங்கள். தொமாஸ் மெந்தெஸ் எழுதியது. காதலி போன பிறகு சாப்பிடாமல் குடித்தே, அழுதே செத்துப்போன ஒருவனின் உயிர்தான் புறாவாக வந்து கூவுகிறது என்பது கதை. ஹுவபாங்கோ என்ற மெக்சிகோ நாட்டுப்புறத் தாளத்தில் கிட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கும், புறா கூவுகிற இடத்தில் குரல் சட்டென்று மேலே உடைந்து கள்ளக்குரலுக்குப் போய் அங்கேயே நிற்கும். வாத்தியக்காரர்கள் காத்திருப்பார்கள், நமக்கு மூச்சு முட்டும். அப்புறம் அதே வாயிலிருந்து கீழ்க்குரல், கரகரவென்று, பாதி பேச்சு மாதிரி. அந்த ஏற்றத்தை நன்றாகப் பாடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், இறங்கும்போது கைவிடாதவர்கள் குறைவு.

வெயில்நேரம்:
ரேடியோ சார் சொன்னது சரி, ஆனால் 'படங்களை விடுங்கள்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெக்சிகோ சினிமாவில் 1936-க்குப் பிறகு பண்ணைவீட்டுக் கதைகள் வரிசையாக வந்தன. குதிரை, காதல், சண்டை, நடுவில் மரியாச்சி என்ற மெக்சிகோ வாத்தியக் குழுவோடு பாட்டு. வானொலியில் கேட்ட குரலுக்கு முகம் கொடுத்தது அந்தப் படங்கள்தான். லோலா 1954 வாக்கில் திரைக்கு வரும்போது இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றிவிட்டது. பல படங்களில் அவருக்குப் பெரிய பாத்திரம் கிடையாது, வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவார். நடிப்பு சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடும்போது அந்தக் கைகளைப் பாருங்கள், வசனம் பேசும்போது அந்தக் கைகளுக்கு வேலையே இருக்காது.

அப்புறம் இந்த அழுகை லோலாவோடு ஆரம்பித்ததில்லை. லோலாவுக்கு முந்தைய தலைமுறைப் பாடகி லூச்சா ரேயஸைக் கேட்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1906-இல் குவாதலஹாராவில் பிறந்தவர். முதலில் மென்மையான உயர்குரல்காரி. 1920-களில் ஒரு குழுவோடு ஜெர்மனிக்குப் போன இடத்தில் நோய் வந்து குரல் போயிற்று. திரும்பி வந்தபோது கனத்த, கிழிந்த குரல்தான் மிச்சம். வேறு யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் அந்தக் கிழிசலையே வைத்துப் பாடினார், கத்தினார், விம்மினார், குடித்தவர் மாதிரி இழுத்தார். அதுவரை ஆண்கள் வீறாப்பாகப் பாடியதை ஒரு பெண் பாடினால் எப்படி இருக்கும் என்று காட்டியவர் அவர். 1941-இல் ஹோர்ஹே நெக்ரெத்தே நடித்த 'ஆய் ஹலிஸ்கோ, நோ தே ராஹேஸ்' படத்திலும் வந்து பாடுவார். 1944-இல் போய்விட்டார், வயது 38. லோலா, பிறகு வந்த ராஞ்சேரா பாடகிகள் அமாலியா மெந்தோசா, லூச்சா வியா எல்லாருமே அவர் திறந்த கதவு வழியாக வந்தவர்கள்தான்.

மழைக்காகம்:
இரண்டு பேருக்கும் நன்றி. அமாலியா மெந்தோசாவைக் கேட்டேன், அவர் உண்மையிலேயே விம்முகிறார்! லோலா அந்த அளவுக்குப் போகவில்லையே?

பழைய_ரேடியோ:
அதுதான் வித்தியாசம். அமாலியா பாட்டுக்குள்ளேயே உடைந்துபோவார், லோலா அழுகையைத் தொண்டையில் நிறுத்தி வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நிற்பார். எனக்கு லோலா பிடிப்பதற்கு அதுவே காரணம், வெயில்நேரம் சண்டைக்கு வருவார் என்று தெரியும்.

'ஹுவபாங்கோ தொரேரோ' கேளுங்கள். அதுவும் மெந்தெஸ் எழுதியதே. காளைச் சண்டை வீரனாகும் ஆசையில் ஒரு பையன் ராத்திரியில் மேய்ச்சல் வெளிக்குள் புகுந்து நிலா வெளிச்சத்தில் காளையோடு விளையாடி, அங்கேயே சாகிறான். இதில் காதல் துரோகம் எதுவும் இல்லை, ராஞ்சேரா என்றாலே காதல் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். லோலாவின் கணவர் அல்ஃபிரெதோ லெயால் நிஜமாகவே காளைச் சண்டை வீரர், படங்களிலும் நடித்தவர். அது தெரிந்த பிறகு இந்தப் பாட்டைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. மகள் மரியா எலேனாவும் பாடகிதான்.

வெயில்நேரம்:
சண்டைக்கு வரவில்லை, ஆனால் ஒன்று சேர்க்கிறேன். கடைசிக் காலத்தில் மெக்சிகோ பாடகரும் பாடலாசிரியருமான ஹுவான் கேப்ரியல் தயாரிப்பில் லோலா, அமாலியா, லூச்சா வியா மூன்று பேரும் சேர்ந்து ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார்கள். குரல்களில் வயது நன்றாகத் தெரிகிறது, இருந்தாலும் ஒரே மரியாச்சிக்கு மேல் மூன்று பேரும் மாறி மாறி வருவதால், மேலே ரேடியோ சார் சொன்ன வித்தியாசத்தை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். லோலா 1996 மார்ச் 24 அன்று காலமானார், சொந்த ஊரான எல் ரொசாரியோவில்தான் அடக்கம் செய்தார்கள்.

ஆகவே வரிசை கேட்டால்: முதலில் லூச்சா ரேயஸ் நாலு பாட்டு (பதிவுகள் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்), பிறகு 50-களின் லோலா, பிறகு அமாலியா, கடைசியாக இந்த மூவர் தட்டு. படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு வரும் இடத்துக்கு மட்டும் தள்ளித் தள்ளிப் பார்த்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.