இராமேசுவரம் தீவில் இரண்டு நாள்: எந்தக் கரையில் இறங்கலாம்?

வைகைக்கரையான் (கேள்வி):

அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மதுரையிலிருந்து குடும்பத்துடன் இராமேசுவரம் செல்கிறோம். இதற்கு முன் மூன்று முறை சென்றும் அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் கிணறுகள், தரிசனம், விடுதி என்ற அளவிலேயே திரும்பியிருக்கிறோம்; தீவுக்குப் போய்க் கடலைப் பார்க்காமல் வந்த குடும்பம் என்று மகள் கேலி செய்கிறாள். இம்முறை கடற்கரைகளுக்காகவே போகிறோம். ஒன்பது, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருவருக்கும் நீச்சல் குளத்தில் கற்ற அளவே தெரியும். எந்தக் கரையில் தண்ணீரில் இறங்கலாம், எதைப் பார்த்துவிட்டு மட்டும் வர வேண்டும்?

உப்புக்காற்று:

தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்தது, அலையும் அடங்கியது. ஆகவே ஊரையொட்டிய சங்குமால், அதற்கு அப்பால் ஓலைக்குடா ஆகிய இரண்டு கரைகளுமே பிள்ளைகளுக்குப் போதும். தனுஷ்கோடிக்கு அப்பால் இரு கடலும் கூடும் அரிச்சல்முனையில் மட்டும் தயவுசெய்து இறங்க வேண்டாம். சென்ற ஆண்டு என் மைத்துனர் அங்கே முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றார். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக, மூவர் கைகோத்து அவரைக் கரையேற்ற வேண்டியதாயிற்று. பெயரிலேயே அரிப்பு இருக்கும்போது அதை நாம் கவனிக்காதது எங்கள் பிழைதான்.

பாம்பன்வாசி:

மேலே நண்பர் கூறியது ஆடி மாதத்துக்குப் பொருந்தும். கேட்டவர் வருவதோ மார்கழியில். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகி, நீங்கள் சாது என்று நம்பும் பெண்கடல்தான் கலங்கி, கரையெல்லாம் கடற்புல்லை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். நாங்கள் படகுகளையே பருவம் பார்த்துப் பாம்பனின் வடகரைக்கும் தென்கரைக்கும் மாற்றிக் கட்டுகிறவர்கள். எனவே இந்தத் தீவில் கரையின் பெயரைக் கேட்பதைவிட அன்றைய காற்றைக் கேட்பதே சரி. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நங்கூரமிட்ட வத்தைகள், அதாவது சிறு படகுகள், பெரும்பாலும் காற்று வரும் திசைக்குத்தான் தலையைத் திருப்பி நிற்கும். அவை வடகிழக்கைப் பார்த்து நின்றால் தென்கரைக்குச் செல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பாம்பனின் தென்கரையில் இருக்கும் குந்துகால். எதிரே குருசடைத் தீவு இருப்பதால் அலை பெரிதாக எழாது. ஆனால் மீன்பிடி இறங்குதளம் இருக்கும் பகுதியையும், இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட நீரோட்டத்தையும் விட்டு விலகி, கரையோரம் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அங்கே நிழலும் கிடைக்கும்.

வைகைக்கரையான்:

மிக்க நன்றி ஐயா. இந்தக் காற்றுக் கணக்கு எனக்கு முற்றிலும் புதிது. சங்குமாலுக்குப் பக்கத்திலேயே அறை எடுக்க இருந்தேன். அப்படியானால் தனுஷ்கோடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

மணல்வீடு:

ஒரு முழுக் காலைப்பொழுது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல் திறக்கப்பட்ட பிறகு, எல்லோரும் நேராக முனைக்கு ஓடி, படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தமே. 1964 டிசம்பர் புயலில் பயணிகளோடு ஒரு தொடர்வண்டியையே கடல் கொண்டுபோன ஊர் தனுஷ்கோடி. கூரையற்ற தேவாலயம், நிலையத்தின் மிச்சச் சுவர்கள் ஆகியவற்றுக்கு இடையே பிள்ளைகளை நடக்க விடுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் மணலைச் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் உப்புக்கடல் இருக்க, மழைநீர் மணலுக்குள் தங்கி உப்புநீரின் மேலே மிதந்து நிற்பதுதான் காரணம். கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழியில் அந்தப் பருவத்தில் பூநாரைகள் இறங்கியிருக்கக்கூடும்; தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், அருகே நடந்து போய்க் கலைக்க வேண்டாம்.

இன்னொன்று. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பையில் போடாதீர்கள்; அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. மாலையில் முனைக்கு வண்டிகளை விடமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை குந்துகால், ஞாயிறு விடியலில் தனுஷ்கோடி என்று வைத்துக்கொண்டால், மதியச் சாப்பாட்டுக்குப் பாம்பன் வந்து பாலம் கடந்துவிடலாம்.