‘ரியலிசம்’ என்பதற்கு ‘மெய்யொப்பு’: வரலாற்றுப் போர் ஆட்டங்களை முன்வைத்து ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

வரலாற்றுப் போர்களை அடிப்படையாகக் கொண்ட கணினி ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது ‘ரியலிசம்’ என்ற சொல்லையும், அதற்கு எதிராக வைத்துப் பேசப்படும் ‘ஃபன்’ என்ற சொல்லையும் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்தேன். முதல் சொல்லுக்கு யதார்த்தவாதம், நடப்பியல், உண்மைத்தன்மை, துல்லியம், நம்பகத்தன்மை என ஐந்து சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஐந்தும் தமிழில் உயிரோடு வழங்குகிற சொற்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் ஏற்கெனவே வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. (நிகழ்பட ஆட்டமா, காணொளி விளையாட்டா என்பது தனி விவாதம் என்பதால் இங்கே கணினி ஆட்டம் என்றே எழுதுகிறேன்.)

யதார்த்தவாதம் என்பதில் உள்ள ‘வாதம்’ ஒரு கொள்கையைக் குறிக்கிறது. ஒரு நாவலாசிரியர் யதார்த்தவாதியாக இருக்கலாம். சுட்டவுடன் துப்பாக்கி தோளை உதைப்பதை யதார்த்தவாதம் என்று சொல்ல முடியாது. வாதத்தை நீக்கி யதார்த்தம் என்று மட்டும் வைத்தாலோ, ‘நான் யதார்த்தமாகத்தான் கேட்டேன்’ என்று உள்நோக்கமின்மையைச் சொல்லும் பேச்சுவழக்கு குறுக்கே வந்து நிற்கிறது. நடப்பியல் இலக்கியத் திறனாய்வில் நன்றாக வேரூன்றிய சொல். ஆயினும் ‘நடப்பு ஆண்டு’, ‘நாட்டு நடப்பு’ என்று இக்காலத்தையே சுட்டிப் பழகிய சொல்லை, 1815இல் நடந்த வாட்டர்லூ போரைக் காட்டும் ஆட்டத்துக்குப் பொருத்தினால் படிப்பவர் ஒரு கணமாவது தடுமாறுவார். உண்மைத்தன்மை என்பது ஓர் ஆவணத்தையோ கூற்றையோ சோதித்துப் பார்க்கும்போது நாம் கேட்பது. ஆட்டமோ தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்வதில்லை, உண்மையைப் போல இருப்பதாகவே சொல்கிறது. நம்பகத்தன்மை என்றால் மென்பொருள் பாதியில் நின்றுபோகாமல் ஓடுகிறதா என்ற கேள்வியாகிவிடும். துல்லியம் என்ற சொல்லுக்கு ஆட்டத்துக்குள்ளேயே வேலை இருக்கிறது, ஏனென்றால் துப்பாக்கியின் குறி தவறாமையை அதே சொல்லால்தான் சொல்கிறோம். ‘துல்லியம் குறைந்த துப்பாக்கியைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை எழுதிப் பார்த்தால் இடர்ப்பாடு விளங்கும்.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2016இல் வெளிவந்த ‘பேட்டில்ஃபீல்டு 1’ என்ற முதல் உலகப்போர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சீருடைகள், பதுங்குகுழிச் சேறு, பீரங்கி ஓசை என எல்லாம் மிகுந்த உழைப்போடு செய்யப்பட்டவை. ஆனால் அந்தப் போரின் பெரும்பாலான காலாட்படையினர் ஏந்தியவை, ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் தாழை இழுத்து அடுத்த குண்டை ஏற்ற வேண்டிய துப்பாக்கிகள். ஒருவர் கையில் தூக்கி ஓடக்கூடிய தானியங்கித் துப்பாக்கிகள் மிகக் குறைவு. அவையும் போரின் பிற்பகுதியில் வந்தவை. இந்த ஆட்டத்திலோ அவை எங்கும் நிறைந்திருக்கின்றன. வீரர்கள் திறந்தவெளியில் ஓடிக்கொண்டே சுடுகிறார்கள். 2015இல் முழுமையாக வெளியான ‘வெர்டன்’ ஆட்டம் அந்தக் கைத்தாழ்த் துப்பாக்கிகளையே பெரிதும் நம்பி நிற்கிறது. அதனால் அங்கே தலையை வெளியே நீட்டுவதே ஒரு முடிவாகிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 2004இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’. கிமு 270இல் தொடங்கும் அந்த ஆட்டத்தில் எகிப்தியப் படை, பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய பாரோக்களின் காலத்து உடையிலும் தேர்களிலும் வருகிறது. அப்போது எகிப்தை ஆண்டவர்களோ கிரேக்க மாசிடோனிய மரபைச் சேர்ந்த தாலமிகள்; அவர்களுடைய படையின் நடுப்பகுதி நீண்ட ஈட்டி ஏந்திய அணிவகுப்பு. தோற்றத்தில் இவ்வளவு பிழையுள்ள அதே ஆட்டத்தில், பக்கவாட்டில் தாக்கப்பட்ட படைப்பிரிவு தன் மனவுறுதி குலைந்து ஓடத் தொடங்குகிறது, களைத்த படை மெதுவாகப் போரிடுகிறது, புறமுதுகிட்டவர்களைத் துரத்தும்போதுதான் உயிர்ச்சேதம் பெருகுகிறது. பழங்காலப் போர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சொல்வதும் பெரும்பாலும் இதுவே.

இவற்றில் எது ‘ரியலிஸ்டிக்’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் விவாதம் முடிவதே இல்லை, ஏனென்றால் ஒரே சொல் இரண்டு வேறுபட்ட தகுதிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த மயக்கத்தை நாமும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆகவே பொதுச்சொல்லாக ‘மெய்யொப்பு’ என்பதையும், அதன்கீழ் கண்ணுக்கும் காதுக்கும் தெரிவனவற்றுக்குத் ‘தோற்றவொப்பு’ என்பதையும், ஆட்டத்தின் விதிகள் போரின் காரண காரியங்களைப் போல நடந்துகொள்வதற்கு ‘இயக்கவொப்பு’ என்பதையும் பரிந்துரைக்கிறேன். ‘பேட்டில்ஃபீல்டு 1’ தோற்றவொப்பு மிக்கது, இயக்கவொப்புக் குறைந்தது. ‘ரோம்’ ஆட்டத்தின் எகிப்து அதற்கு மறுதலை. ஒப்பு என்ற வேரிலிருந்தே ஒப்பனை என்ற சொல்லும் பிறந்திருப்பதை நினைத்தால், இயக்கவொப்பு இல்லாத தோற்றவொப்பு எங்கே போய் நிற்கும் என்பதும் சொல்லிலேயே விளங்குகிறது.

‘ஒப்பு’ என்பதை நான் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொல்காப்பிய அகத்திணையியலில் ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்’ என்று ஒரு நூற்பா வருகிறது. இதற்கு உரை எழுதிய இளம்பூரணர், சுவைபட வருவனவற்றை எல்லாம் ஓரிடத்தில் வந்தனவாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்றும், உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு என்றும் விளக்குகிறார். அது அகப்பாடலுக்குச் சொன்ன இலக்கணம், போருக்குச் சொன்னதன்று. ஆனால் நாம் இன்று மல்லாடிக்கொண்டிருக்கும் கேள்வி அந்த இரண்டு வரையறைகளுக்குள் அப்படியே அமைந்திருப்பதைப் பார்த்து நான் வியந்துபோனேன். இரண்டாம் உலகப்போரில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வாரக்கணக்கில் கடலில் சுற்றும். அதில் பெரும்பகுதி எதுவும் நிகழாத காத்திருப்பு. ‘சைலண்ட் ஹண்டர்’ வரிசை ஆட்டங்களில் நேரத்தைப் பல மடங்கு விரைவுபடுத்தும் வசதி இருக்கிறது. பகைக்கப்பல் தென்பட்டதும் காலம் இயல்பு வேகத்துக்குத் திரும்புகிறது. சுவைபட வருவன ஓரிடத்தில் தொகுக்கப்படுகின்றன. 2005இல் ‘கால் ஆஃப் டூட்டி 2’ கொண்டுவந்த ஏற்பாடும் அப்படிப்பட்டதே: குண்டடி பட்டவர் சிறிது நேரம் மறைந்திருந்தால் தானாகக் குணமாகிவிடுவார். எந்தப் போரிலும் நடக்காத ஒன்று. ஆனால் அடுத்த மோதலுக்கு ஆட்டக்காரரை அழைத்துச் செல்லும் உடன்பாடு. இவற்றைப் பிழை என்று சொல்லாமல் ‘ஆட்டவழக்கு’ என்று பெயரிட்டு அழைக்கலாம். வழக்கு என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வரும் என்று யாரேனும் தடை எழுப்பினால், பேச்சு வழக்கும் செய்யுள் வழக்கும் பள்ளி இலக்கணத்தில் இன்றும் குழப்பமின்றி வழங்குகின்றன என்பதே என் விடை.

இதிலிருந்து ‘ஃபன்’ என்ற மறுபாதிக்கு வருகிறேன். அதற்கு முன்வைக்கப்பட்ட கேளிக்கை, வேடிக்கை, மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் நான் ஏற்கவில்லை. போரைப் பற்றிய ஆட்டத்தில் ஆட்டக்காரர் தேடுவது எப்போதும் மகிழ்ச்சியன்று. முதல் உலகப்போரின் துயரைச் சொல்லும் ‘வேலியண்ட் ஹார்ட்ஸ்’ 2014இல் வந்தது. அதை விரும்பி ஆடி முடித்தவர்கள் பலர் கலங்கிய கண்களோடு எழுந்தார்கள், அதை வேடிக்கை என்று எழுத எனக்குக் கை வராது. தமிழில் அவலத்துக்கும் சுவை உண்டு. ‘ஆட்டச்சுவை’ என்று சொன்னால் வெற்றியின் பெருமிதமும் பதுங்கியிருக்கும் அச்சமும் இழப்பின் அழுகையும் அதற்குள் அடங்கும். அப்படிச் சொன்னவுடன் மெய்யொப்புக்கு எதிர்ச்சொல் ஆட்டச்சுவை என்ற எண்ணமும் தானாகவே விலகிவிடுகிறது. மெய்யொப்புக்கு எதிரே நிற்பது ஆட்டவழக்கு. ஆட்டச்சுவை இரண்டிலிருந்தும் பிறக்கலாம். 2019இல் வந்த ‘ரேடியோ கமாண்டர்’ ஆட்டத்தில் வியட்நாம் போரின் அமெரிக்கத் தளபதியாக இருப்பவர் போர்க்களத்தைப் பார்ப்பதே இல்லை. மேசைமேல் ஒரு வரைபடம், வானொலியில் வரும் குரல்கள், அவ்வளவுதான். தன் படை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு குறிகளைத் தானே நகர்த்த வேண்டும். மேலிருந்து அனைத்தையும் காணும் வசதியைப் பறித்ததால் இயக்கவொப்புக் கூடியது, அதனால் சுவையும் கூடியது.

அதிக விதிகள் இருந்தால் அதிக மெய்யொப்பு என்ற கருத்தும் இங்கே பலமுறை வந்தது. அது சரியன்று என்பதற்குக் கணினிக்கு முந்தைய சான்றே இருக்கிறது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி 1824இல் வெளியிட்ட போர் ஆட்ட விதிகள், 1:8000 அளவுள்ள வரைபடத்தில், ஒரு சுற்று 2 நிமிடப் போரைக் குறிக்குமாறு, இழப்புகளைப் பகடையும் அட்டவணைகளும் தீர்மானிக்கும் வகையில் அமைந்தவை. அரை நூற்றாண்டு கழித்து, 1876இல், வெர்டி து வெர்னுவா என்ற படை அதிகாரி பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கிவிட்டு, போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்ற முறையை முன்வைத்தார். அவர் சுவைக்காக மெய்யை விட்டுக்கொடுக்கவில்லை. மெய்க்கு நெருங்கவே விதிகளைக் குறைத்தார்.

இதன் மறு எல்லை, 1979இல் வந்த ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆஃப்ரிக்கா’ என்ற பலகை ஆட்டம். ஒவ்வொரு விமானத்துக்கும் தனிக் கணக்கு, எரிபொருள் ஆவியாகிக் குறைவதற்குக் கணக்கு, இத்தாலியப் படை பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்பதற்கும் ஒரு விதி. முழுமையாக ஆடி முடிக்க 1,000 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது எந்தப் படைத்தலைவரின் அனுபவத்தையும் ஒத்ததன்று, ஏனெனில் தலைவர்கள் தண்ணீரை எண்ணவில்லை, அதற்கென ஆட்கள் இருந்தார்கள். எனவே மெய்யொப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது யாருடைய இடத்தில் இருப்பவருக்கு மெய்யொப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘தளபதிநிலை மெய்யொப்பு’, ‘வீரர்நிலை மெய்யொப்பு’ என்று சொல் இயல்பாகவே நீள்கிறது.

ஆட்டக்காரரின் மனம் ஏற்கும்படி இருப்பதை ‘நம்பத்தகுமை’ எனலாம்; அதை மெய்யொப்போடு கலந்துவிடக் கூடாது. 2010இல் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் பேசிய ஆட்ட வடிவமைப்பாளர் சிட் மையர், ‘சிவிலைசேஷன் ரெவல்யூஷன்’ ஆட்டத்தைச் சோதித்தவர்கள் 3-க்கு 1 என்ற வலிமையுடன் தாக்கித் தோற்றபோது அதை அநீதியாகக் கருதினார்கள் என்றும், அதற்கேற்பக் கணக்கையே மாற்றியமைத்தார்கள் என்றும் விளக்கினார். நான்கில் ஒரு முறை தோற்பது கணக்கின்படி சரி, மனம் ஏற்கவில்லை. அங்கே சரிசெய்யப்பட்டது நம்பத்தகுமை. மெய்யொப்பு அதனால் சற்றுக் குறைந்தது.

இறுதியாக, விடுபட்டவை பற்றிச் சொல்லியாக வேண்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் இறந்தவர்கள். அந்தப் போரைக் காட்டும் ஆட்டங்களில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அரிதாகவே வருகின்றன. இதை ஆட்டவழக்கு என்று ஏற்கிறேன், ஒரு நாளைய சண்டையை மட்டும் காட்டும் ஆட்டத்துக்கு அது தேவையில்லை. ஆனால் பல நகர்ப்போர் ஆட்டங்களில் துப்பாக்கியின் திருகாணி வரை சரியாக இருக்க, அந்த நகரத்தில் குடிமக்கள் ஒருவர்கூட இருப்பதில்லை. அதை ஆட்டவழக்கு என்ற பெயரால் மூடிவிடக் கூடாது. இரண்டாம் உலகப்போரைக் காட்டும் ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்’ வரிசையில் யூத இனப்படுகொலை ஆட்டக்கூறாக இடம்பெறவில்லை. ஆட்டக்காரர் அதைக் கையிலெடுத்து நடத்தும் நிலை வரக் கூடாது என்பதால் அதை நான் மதிக்கிறேன். எனினும் அங்கே ஒரு வெற்றிடம் இருக்கிறது என்று சொல்லும் சொல் நமக்கு வேண்டும். ‘விடுபாடு’ என்பதை இதற்கென ஒதுக்கலாம். சுவைக்காகத் தொகுத்தால் ஆட்டவழக்கு, சொல்லாமல் நீக்கினால் விடுபாடு.

சொல்லமைப்பைப் பற்றிச் சில. மெய் என்பதற்கு உடல் என்ற பொருளும் இருப்பதால் மயக்கம் வருமா என்று சோதித்தேன். ‘வர்ச்சுவல்’ என்பதற்கு ‘மெய்ந்நிகர்’ என்ற சொல் பரவியபின் இந்த அச்சம் பெரிதில்லை. ‘சான்றொப்பு’ என்று முதலில் எண்ணினேன், அது சான்றிதழ்களில் இடும் சான்றொப்பத்தை நினைவூட்டியதால் கைவிட்டேன். பெயரடையாக ‘மெய்யொப்பான’, எதிர்மறையாக ‘மெய்யொப்பற்ற’, ஒப்பீட்டில் ‘மெய்யொப்பு மிக்க’ என்று தடையின்றி வருகிறது. ‘மெய்யொப்புமை’ என்று ‘மை’ சேர்க்க விரும்புவோர் இருக்கலாம். கூட்டுச்சொற்கள் நீளும் என்பதால் நான் குறுகிய வடிவத்தையே விரும்புகிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. ‘இயக்கம்’ படை நகர்வையும் குறிக்கும் என்பதால், ‘படை இயக்கத்தின் இயக்கவொப்பு’ என்று எழுத நேர்ந்தால் இடறுகிறது. ‘செயலொப்பு’ என்பது அந்த இடறலைத் தவிர்க்கும், ஆனால் ஒரு செயலை மட்டும் சுட்டுவதாகத் தோன்றி, பல செயல்கள் பிணைந்து இயங்குவதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இரண்டில் எது நிற்கும் என்று, கூடுமானால் இரண்டையும் ஓர் ஆட்டத் திறனாய்வில் எழுதிப் பார்த்துவிட்டு, தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.